குழாயில் தண்ணீர் மட்டும்தான்

லாபிஸ்,
18 பிப்ரவரி 2024

அன்புள்ள லோஷினிக்கு,

தொலைபேசியில் அழைக்க வேண்டாம் என்று சொன்னாய். கடிதம் எழுத வேண்டாம் என்று நீ சொல்லவில்லை. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதப் போகிறார்கள் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அப்படியானால் இதைப் படிக்காமல் கிழித்துவிடு, நான் தவறாக நினைக்க மாட்டேன். வீட்டு முகவரிக்கு அனுப்பினால் யுகேந்திரன் பிரித்துவிடுவான் என்பதால், உங்கள் அடுக்குமாடிக்குக் கீழே தையல்கடை வைத்திருக்கும் செல்வராணியின் பெயருக்கு அனுப்புகிறேன். அதற்கும் உன்னிடம் முதலில் அனுமதி கேட்டிருக்க வேண்டும்.

என் மகன் எப்படி இருக்கிறான்? சாப்பிடுகிறானா, தூங்குகிறானா? ஒரு வரி எழுதினால் போதும்.

இத்துடன் சில தாள்கள் வைத்திருக்கிறேன். மனநோய் உள்ளவர்களின் குடும்பத்தாருக்காக எழுதப்பட்டவை. இந்த ஊர் நூலகத்துக் கணினியில் தேடி எடுத்தேன். தேடுவது நான் நினைத்ததுபோல் இல்லை. மலாயில் நிறைய இருக்கிறது, ஆங்கிலத்தில் அதைவிட நிறைய. தமிழில் தேடினால் முதலில் வருகிறவர்கள் எண்ணெய் விற்கிறவர்கள். ஒருவர் காணொளியில் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, கடைசியில் ஒரு பொடியின் விலையைச் சொன்னார். பேச்சு விலையில்தான் முடியப்போகிறது என்று தெரியாமல் நான் முழுவதும் குறிப்பெடுத்திருந்தேன். அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யார் எழுதியது, எப்போது எழுதியது, எழுதியவருக்கு நம்மிடம் விற்க ஏதாவது இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் அச்செடுப்பதில்லை. அப்படிப் பார்த்து மிஞ்சியவைதான் இவை. மலாயில் இருந்த இரண்டை உனக்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன். என் மொழிபெயர்ப்பு சரியில்லை என்றால் மூலத்தைப் பார்த்துக்கொள்.

தைப்பூச வாரத்தில் நான் அங்கே தங்கியிருந்தபோது நடந்ததைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு முறை எழுதி அடித்துவிட்டேன். நீ சம்மதித்தால் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

இங்கே மழை இல்லை. வீடு அப்படியே இருக்கிறது.

அன்புடன்,
தங்கராஜு


மாசாய்,
26 பிப்ரவரி

மாமா,

கடிதம் கிடைத்தது. "யாருடி உனக்கு லெட்டர்லாம் போடறது, எனக்குத் தெரியாம ஆள் வெச்சிருக்கியா"ன்னு செல்வராணி அக்கா கிண்டல் பண்ணிச்சு. எங்க மாமனார்னு சொன்னதும் சிரிப்பை நிறுத்திட்டுக் கையில குடுத்துச்சு.

எனக்கு உங்களைப் போல எழுத வராது. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு சரி. நீங்கள் அடித்துவிட்டதை நானே எழுதிவிடுகிறேன், அப்புறம் அது நடுவில் நிற்காது.

குளியலறைக் குழாய்க்குள் மேல்மாடிக்காரர்கள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று யுகேன் சொல்ல ஆரம்பித்து மூன்று வருஷம். அதனால்தான் சிங்கப்பூர் வேலை போனது. டாக்டர் இது நோய் என்றார். மாத்திரை, மாதம் ஒரு ஊசி. அதை அவர் நம்பவே ஒரு வருஷம் ஆனது. அப்புறம் சத்தம் குறைந்தது. "பக்கத்து வீட்ல டிவி ஓடற மாதிரி இருக்கு, பரவால்ல" என்று அவரே சொன்னார். டயர் கடையில் அரை நாள் வேலைக்குப் போனார்.

நீங்கள் வந்தீர்கள். நான் ஷிஃப்டில் இருந்தேன். அவர் உங்களைக் குழாய்ப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தி, "கேக்குதாப்பா?" என்று கேட்டிருக்கிறார். நீங்கள் "கேக்குதுப்பா" என்றீர்கள்.

அன்றைக்கு நான் வீட்டுக்கு வரும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எங்கள் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. "லோஷி, அப்பாவுக்கும் கேக்குது. அப்பா வாழ்நாள்ல பொய் சொன்னதில்ல. அப்ப எனக்குச் சீக்கு இல்ல." மறுநாளிலிருந்து மாத்திரை இல்லை. இந்த மாத ஊசிக்கும் வரவில்லை. சீக்கு இல்லாதவன் எதுக்கு ஊசி போடணும் என்று கேட்கிறார். நான் என்ன பதில் சொல்ல? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள்.

உங்கள் தாள்களைக் கேன்டீனில் படித்தேன். பொறுமையாக இருங்கள், சிகிச்சைக்கு ஊக்கம் கொடுங்கள், உங்களையும் கவனித்துக்கொள்ளுங்கள் என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்து சமைக்கிறேன். அவர் குழாயில் சுற்றிய துணியை எல்லாம் அவிழ்த்தால்தான் நான் குளிக்க முடியும். இதில் எந்த நேரத்தில் என்னைக் கவனித்துக்கொள்வது என்று அதில் போடவில்லை.

தாள் அனுப்பாதீர்கள். வரவும் வேண்டாம்.

லோஷினி


லாபிஸ்,
3 மார்ச் 2024

அன்புள்ள லோஷினிக்கு,

நீ எழுதியதில் ஒரு சொல்கூடத் தவறில்லை.

விளக்கம் சொல்வது சாக்குச் சொல்வதுபோல் ஆகிவிடும். ஆனாலும் அது எப்படி நடந்தது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே வருவதற்கு முன் நூலகத்தில் ஒரு பக்கம் படித்தேன். நோயாளி இல்லாத ஒன்றைக் கேட்பதாகச் சொன்னால் அவரோடு வாதாடாதீர்கள் என்று அதில் இருந்தது. நல்ல இடத்திலிருந்து எடுத்த பக்கம்தான், அதன் மீது குற்றமில்லை. வாதாடக்கூடாது என்றால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் எடுத்துக்கொண்டேன். முப்பத்து நான்கு வருடம் ரயில் நிலையத்தில் இருந்தவன் நான். எங்கள் தொழிலில் கைகாட்டி ஏறியிருக்கும் அல்லது இறங்கியிருக்கும். நடுவில் நின்றால் அது கெட்டுப்போனது என்று அர்த்தம், உடனே ஆளனுப்பிச் சரிசெய்வோம். நடுவில் நிற்பதுதான் சரி என்று ஓர் இடம் உலகத்தில் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

உண்மையில் எனக்குத் தண்ணீர் ஓடும் சத்தம் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னதும் என் கையைப் பிடித்தான். சின்னப் பையனாக இருந்தபோது தண்டவாளத்தைத் தாண்டுகையில் அப்படிப் பிடிப்பான். அதற்குப் பிறகு பிடித்ததில்லை. அந்த மூன்று நாளும் என்னோடு அவ்வளவு பேசினான். நான் சரியாகத்தான் செய்துவிட்டேன் என்று நினைத்து ஊருக்கு வந்தேன்.

இப்போது வேறு பக்கங்களையும் படித்துவிட்டேன். வாதாடவும் கூடாது, ஆமாம் என்று சொல்லவும் கூடாது. எனக்குக் கேட்கவில்லை, உனக்குக் கேட்பது உன்னை எவ்வளவு பயமுறுத்தும் என்று புரிகிறது, இப்படிச் சொல்ல வேண்டுமாம். சொல்லிவிட்டால் எவ்வளவு எளிதாக இருக்கிறது பார். ஏற்கெனவே ஆமாம் என்று சொல்லிவிட்டவர் என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. மூன்று மொழியிலும் தேடிவிட்டேன். இப்படி ஒரு தவறை யாரும் செய்ததில்லை போலிருக்கிறது, அல்லது செய்தவர்கள் வெளியே சொல்லவில்லை.

அவனுக்கு நேராக ஒரு கடிதம் எழுதி உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு பயமாகிவிட்டது. ஒரு பொய்யை யோசிக்காமல் சொன்னதுபோல உண்மையையும் யோசிக்காமல் சொல்லிவிடுவேனோ என்று. நீ சொல்லும்வரை எதுவும் செய்ய மாட்டேன்.

தாள் எதுவும் வைக்கவில்லை.

தங்கராஜு


மாசாய்,
12 மார்ச்

மாமா,

உடனே பதில் எழுத நினைக்கவில்லை. கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் அவரைப் பற்றிப் பேச எனக்கும் வேறு ஆளில்லை. தொழிற்சாலையில் யாருக்கும் தெரியாது. அவருக்கு முதுகுவலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது தூங்குவதில்லை. குழாயைச் சுற்றித் துணி, அதன் மேல் டேப். மேல்மாடி மலாய்க்காரம்மாவிடம் போய், பேசுவதை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். சண்டை போடவில்லை, கெஞ்சியிருக்கிறார். அந்தம்மா பயந்துவிட்டார், ஆனாலும் நல்லவர், என்னிடம் வந்து ரொம்ப மெதுவாகத்தான் கேட்டார்.

குலாயிலிருந்து என் அம்மா வந்தது. கூடவே கோயில் பக்கம் மந்திரிக்கிற ஒரு ஆளை அழைத்து வந்தது. அவர் நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் வைத்து, செப்புத் தகடு ஒன்றைக் குழாயில் கட்டச் சொன்னார். யுகேன் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அத்தை, பேசறவங்க வாயை மூட எலுமிச்சம்பழம் போதும்னா நான் எப்பவோ ஒரு கூடை வாங்கியிருப்பேனே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. ரெண்டு பேரும் சேர்ந்து சிரித்து எத்தனை நாள் ஆகிறது. அம்மா கோபித்துக்கொண்டு போய்விட்டது.

போகும்போது, "உனக்கு வயசு முப்பத்தொண்ணுதான், வீட்டுக்கு வந்துடு" என்றது.

மாமா, உங்களுக்குத் தேடத் தெரியும், அதிகாரிகள் எழுதுவது புரியும். எனக்கு அறிவுரை வேண்டாம். நான் கேட்பதற்கு மட்டும் பதில் தேடுங்கள். அவர் கிளினிக்குக்கு வர மாட்டேன் என்றால் நான் மட்டும் போய் டாக்டரிடம் பேச விடுவார்களா? ஊசி போடுகிறவர்கள் வீட்டுக்கு வருவார்களா? கட்டாயப்படுத்திக் கூட்டிப்போகச் சட்டம் இருக்கிறதா, அப்படிச் செய்தால் அப்புறம் அவர் என் முகத்தில் முழிப்பாரா?

நான் அம்மா வீட்டுக்குப் போய்விட்டால் அவருக்கு என்ன ஆகும்?

லோஷினி


லாபிஸ்,
19 மார்ச் 2024

அன்புள்ள லோஷினிக்கு,

உன் கேள்விகள் எனக்குப் பெரிய உதவி. இதுவரை எதைத் தேடுகிறேன் என்று தெரியாமலே தேடிக்கொண்டிருந்தேன்.

நீ மட்டும் போகலாம். அவன் சம்மதம் இல்லாமல் அவனைப் பற்றி உன்னிடம் சொல்ல மருத்துவர் தயங்கக்கூடும். ஆனால் நீ சொல்வதைக் கேட்பதற்கு அவருக்குத் தடை இல்லை. மாத்திரை எப்போது நின்றது, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று மட்டும் சொல். நாம் பயப்படுவதைவிட நாம் பார்த்ததுதான் அவர்களுக்குப் பயன்படும் என்று ஓரிடத்தில் படித்தேன். அது நம்பத் தகுந்த இடம்.

வீட்டுக்கு வரும் குழு உண்டு. சில மருத்துவமனைகளில் மட்டும் என்று எழுதியிருந்ததால் நானே தொலைபேசியில் கேட்டுவிட்டேன். முதல் முறை ஒரு பெண் எடுத்ததும் வைத்துவிட்டேன். இரண்டாம் முறையும் அப்படித்தான். மூன்றாவது முறை அந்தப் பெண்ணே, "பேசுங்க பாக்சிக், வைக்காதீங்க" என்று ஒரு பெரியவரைக் கூப்பிடும் மரியாதையோடு மலாயில் சொன்னாள். நான்தான் முன்பு வைத்தவன் என்று எப்படித் தெரிந்ததோ. உங்கள் மருத்துவமனையில் குழு இருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டும். எண்ணையும் பிரிவின் பெயரையும் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அந்த ஒரு தாளை மட்டும் மன்னித்துவிடு. குடும்பத்தார் வியாழக்கிழமை பிற்பகலில் அங்கே கூடிப் பேசுகிறார்களாம், தமிழ் பேசுகிறவர்களும் வருகிறார்களாம். அதையும் அவள்தான் சொன்னாள், நான் கேட்கவில்லை.

சட்டத்தில் வழி இருக்கிறது. அவனுக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து என்றால் காத்திருக்கக்கூடாது, உடனே அவசர எண்ணை அழைக்க வேண்டும். இப்போது நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த நிலை இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் நான் நினைத்தது முன்பு தவறாகிவிட்டது, ஆகவே இதை மருத்துவரிடம் கேள். அதற்குப் பிறகு அவன் உன் முகத்தில் விழிப்பானா என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை.

கடைசிக் கேள்விக்கு நான் எங்கும் தேடவில்லை. நீ போனால் நான் வந்து அவனோடு இருப்பேன். போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. போ என்று சொல்ல மனமில்லை.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. எனக்கு அவனைக் கண்டு பயம். அடிப்பான் என்றல்ல, அவன் யாரையும் அடித்ததில்லை. மறுபடி என் முகத்தைப் பார்த்து, கேக்குதாப்பா என்று கேட்டால் நான் மறுபடியும் ஆமாம் என்று சொல்லிவிடுவேன் என்றுதான் பயம். யாருக்கும் ‘இல்லை’ என்று சொல்லிப் பழகாதவன் நான். மேலதிகாரிக்குச் சொன்னதில்லை, உன் அத்தைக்கும் சொன்னதில்லை. இப்போது இங்கே சமையலறையில் நின்று, "இல்லப்பா, எனக்குக் கேக்கல" என்று சொல்லிப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டு மூர்த்தி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்ன சார், யார்கிட்ட பேசறீங்க" என்று கேட்டார். தொலைபேசியில் என்று சொல்லிவிட்டேன். பார், அதையும் பொய்தான் சொன்னேன்.

தங்கராஜு


மாசாய்,
28 மார்ச்

மாமா,

செவ்வாய்க்கிழமை எம்.சி. லீவு எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். நீங்கள் எழுதிய மாதிரி பார்த்ததை மட்டும் சொன்னேன். டாக்டர் நோன்பில் இருந்தார், களைத்துப்போன முகம், ஆனாலும் பாதியில் நிறுத்தவில்லை. நீங்கள் குழாயில் கேட்குது என்று சொன்னதையும் சொல்லிவிட்டேன். உங்களைத் திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. "அவர் யாரை அதிகம் நம்புகிறார்?" என்று கேட்டார். அவர் அப்பாவை என்றேன். அப்படியானால் அப்பாவே வந்து உண்மையைச் சொல்லட்டும் என்றார்.

வருகிற வியாழக்கிழமை, நாலாம் தேதி, காலையில் குழுவிலிருந்து ஒரு நர்ஸ் மிஸ்ஸி ஊசியோடு வருகிறார். அதற்கு முன்னால் வந்துவிடுங்கள்.

தாள் எதுவும் கொண்டுவராதீர்கள்.

லோஷினி


லாபிஸ்,
7 ஏப்ரல் 2024

அன்புள்ள லோஷினிக்கு,

வியாழக்கிழமை காலை மிஸ்ஸியின் வண்டிக்கு வழிகாட்ட நீ கீழே போயிருந்தாய். மேலே வந்தபோது சாத்திய கதவைத்தான் பார்த்தாய். நான் அங்கேயே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. மிஸ்ஸியின் முன்னால் நீ என்னை ஒன்றும் கேட்காமல் தேநீர் போட்டுக் கொடுத்தாயே, அதற்கு நன்றி சொல்லவும் மறந்து வந்துவிட்டேன்.

நீ படியிறங்கியதும் அவன் என்னைக் கூப்பிட்டான். நான் வந்ததில் அவனுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. தலை வாரியிருந்தான். எனக்காக வாரினான் என்று நினைக்கிறேன். குழாயில் டேப்பைக் கொஞ்சம் பிரித்துவிட்டு, எனக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றான்.

"அப்பா, இன்னைக்கும் பேசறாங்க. கேக்குதா?"

"இல்லப்பா. குழாயில தண்ணி மட்டும்தான் ஓடுது."

"இன்னைக்கு மெதுவாப் பேசறாங்க. அன்னைக்குக் கேட்டுச்சுல்ல?"

"அன்னைக்கும் கேக்கல, யுகேன். கேக்குதுன்னு நான் சொல்லிட்டேன்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். ஏன் என்று மட்டும் கேட்டான். அதற்கு நான் ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவனுக்குக் கேட்பது அவனை எவ்வளவு பயமுறுத்தும் என்று புரிகிறது, அந்த வாக்கியம். அது வரவில்லை. "உன்கிட்ட இல்லன்னு சொல்லப் பயமா இருந்துச்சு" என்றேன்.

"என்னைப் பாத்தா பயமா?"

நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அந்த நேரமே அவனுக்குப் பதிலாகிவிட்டது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மிஸ்ஸி கதவுக்கு வெளியே நின்று எவ்வளவு பக்குவமாகப் பேசினார், அவன் கதவைத் திறக்கவே இல்லை என்பதெல்லாம் நீ பார்த்தது. நான் கிளம்பும்போது உள்ளேயிருந்து, "அவரை இனிமே வரச் சொல்லாதே லோஷி" என்றான். அவரை என்றான். அப்பாவை என்று சொல்லவில்லை.

லார்கின் நிலையத்தில் என் பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வாழ்நாளில் நான் தவறவிட்ட முதல் வண்டி. அடுத்ததில் வந்தேன்.

செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று நீ ஆறுதல் சொல்வாய், வேண்டாம். அவன் மாத்திரை சாப்பிட்டால் மட்டும் எனக்குத் தெரிவி. என்னிடம் பேசுகிறானா என்பது அதற்கு அப்புறம்.

தங்கராஜு


மாசாய்,
29 ஏப்ரல்

மாமா,

ரெண்டு விஷயம். நல்லதை முதலில் சொல்கிறேன்.

நோன்பும் ஹரி ராயா விடுமுறையும் முடிந்து அந்த மிஸ்ஸி மறுபடி வந்தார். கூட ஒரு ஆண் மிஸ்ஸி, ஹேமநாதன் என்று பெயர், தமிழ்ப் பையன். அவர் குழாயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, தூக்கம் எப்படிண்ணே?" என்றார். அப்புறம் யுகேன், "தூங்கி ரொம்ப நாளாச்சு தம்பி" என்றார். மூன்று மாசமாக நான் மாத்திரை மாத்திரை என்று கத்திக்கொண்டிருந்தேன், தூக்கத்தைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. கதவைத் திறந்தார். தூக்கத்துக்காக ஊசி போட்டுக்கொள்கிறேன், சீக்குக்காக இல்லை என்றார். அதுக்கென்னண்ணே, தூங்கினாப் போதும் என்றார் ஹேமநாதன்.

இப்போது தூங்குகிறார். சத்தம் போகவில்லை. டேப்பை அவரே பிய்த்துவிட்டார், குளிக்க முடியவில்லையாம்.

நீங்கள் எழுதிக் கொடுத்த குடும்பக் கூட்டத்துக்கும் போனேன். இதையெல்லாம் நான் தமிழில் வாய்விட்டுப் பேசினது அங்கேதான் முதல் தடவை. குளுவாங்கிலிருந்து வந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுல ஃபேன்ல பேசுவாங்க" என்றார். அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை. முதுகுவலி என்று இனி யாரிடமும் சொல்லப்போவதில்லை. அம்மா வீட்டுக்கு இப்போது போகவில்லை. அப்புறம் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம், உங்களைப் பார்க்க மாட்டேன் என்கிறார். நான் பேசிப் பார்த்தேன். "ஒரு தடவை ஆமாங்கறாரு, ஒரு தடவை இல்லங்கறாரு, எது நெசம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று கேட்கிறார்.

வியாழக்கிழமைதோறும் அந்தக் கூட்டத்துக்குப் போக ஆசை. அவரைத் தனியாக விட இன்னும் பயம். செல்வராணி அக்கா, மாமாவை என் கடையில வந்து உக்காரச் சொல்லு என்கிறது. மேலே போக வேண்டாம். ஏதாவது என்றால் கீழே ஒரு ஆள் இருக்கிறார் என்றிருந்தால் எனக்குப் போதும். நீங்கள் கீழே இருப்பீர்கள் என்று அவரிடம் சொல்லிவிடுவேன். அவரிடம் இனிப் பொய் சொல்வதில்லை.

அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போக முடியுமா உங்களால்?

லோஷினி


லாபிஸ்,
24 மே 2024

அன்புள்ள லோஷினிக்கு,

நேற்று நீ வந்ததும் எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வழக்கம்போல் நேரில் சொல்லவில்லை.

முதலில் செல்வராணியைப் பற்றி. அவர் எனக்கு நாற்காலி, விசிறி எல்லாம் கொடுத்தார். ஆனால் ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். இரண்டாம் வாரமே, "அங்கிள், நீங்க உள்ள இருந்தா ஒருத்தியும் அளவு குடுக்க மாட்டேங்கறா, என் பொழப்புல மண்ணு விழுந்துடும்" என்று சொல்லி நாற்காலியைத் தூக்கி மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் போட்டுவிட்டார். எனக்கு அதுதான் வசதி. அங்கிருந்து உங்கள் மாடி நடைபாதை தெரிகிறது. அவன் துணி காயப்போட வெளியே வருவான். என்னைப் பார்ப்பான், பார்க்காததுபோல் உள்ளே போவான். நானும் அப்படித்தான் செய்வேன். அடுத்த வாரமும் அப்படியே நடந்தது.

நேற்று இறங்கி வந்தான். நான் எழுந்திருக்கப் போனேன், பிறகு அவன் போய்விடுவானோ என்று உட்கார்ந்துவிட்டேன். ஒரு மோட்டார் சைக்கிளின் மேல் சாய்ந்து நின்றான். மெலிந்திருக்கிறான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இங்க கேக்குதா?" என்றான்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, அது எனக்கு உதவியாக இருந்தது. "இல்லப்பா. தையல் மிஷின் சத்தம் கேக்குது. அந்தப் பக்கம் லோரி போகுது. வேற ஒண்ணும் கேக்கல."

"எனக்கு இங்கயும் கேக்குது."

இதை நீ மருத்துவரிடம் சொல். இதுவரை அவன், பேசறாங்க என்றுதான் சொல்லியிருக்கிறான். எனக்குக் கேக்குது என்று சொல்லி நான் கேட்டதில்லை. இதற்கு ஏதாவது பொருள் உண்டா, நானாக ஒன்றைக் கற்பித்துக்கொள்கிறேனா, தெரியவில்லை.

பயமா இருக்கா என்று கேட்டேன். மனப்பாடம் செய்தது அல்ல, தானாக வந்தது.

"ஊசி போட்டதுலேருந்து பயம் இல்ல" என்றான். பிறகு, நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்படியாக ஒன்று சொன்னான். "பயத்துக்குப் பரவால்ல. ஊர்ல யாருக்கும் கேக்காதது எனக்கு ஒருத்தனுக்கு மட்டும் கேக்குது பாருங்க. அதான் தனியா இருக்குப்பா."

அப்பா என்றான். அதை நான் அப்போது கவனிக்கவில்லை, பஸ்ஸில்தான் கவனித்தேன்.

அவனுக்கு நான் ஒரு பதிலும் சொல்லவில்லை. பதில் இல்லாமல் இல்லை. தனியாக இருப்பது எப்படி என்று எனக்கும் தெரியும். உன் அத்தை போனபிறகு இந்த வீட்டில் நான் பேசினால் கேட்பது மூர்த்தி வீட்டுச் சுவர்தான். "எனக்கும் அப்படித்தான் இருக்குப்பா" என்று சொல்ல வாய் திறந்தேன். உடனே நிறுத்திக்கொண்டேன். அவனிடம் முன்பு ஒரு முறை எனக்கும் என்று சொல்லித்தான் இவ்வளவும் ஆனது. மறுபடி அதே சொல்லைச் சொன்னால், இதையும் அவனைச் சமாதானம் செய்யச் சொல்கிறேன் என்று நினைப்பான். நினைத்தால் அவன்மேல் தப்பும் இல்லை.

அவன் போகவில்லை. உன் வண்டி திரும்பும்வரை அங்கேயே நின்றான், பிறகு மேலே ஏறிப் போனான். நீ அதைத்தான் பார்த்தாய்.

அடுத்த வியாழக்கிழமை வருகிறேன். அதற்கு முன் ஓர் உதவி. அந்தக் கூட்டத்தில், குளுவாங் அம்மாவிடமோ வேறு யாரிடமோ எனக்காக ஒன்று கேட்டுச் சொல். என்னால் எங்கும் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் மறுபடி, தனியா இருக்குப்பா என்று சொன்னால், எனக்கும்தான் என்று நான் சொல்லலாமா? இந்த முறை அது உண்மை.

அன்புடன்,
தங்கராஜு